கரிசலும் மலையும் கேட்கும் பின் ஆக்ஸில்

மேடு பள்ளத் தடங்களில் ஓடும் வண்டியின் பின் ஆக்ஸிலுக்கு நான்கு வேலைகள் உண்டு. வண்டியின் எடையையும் ஏற்றிய சரக்கையும் தாங்குவது முதல் வேலை. நீளவாக்கில் சுழன்று வரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஓட்டத்தைக் குறுக்காகத் திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புவது இரண்டாவது. அந்தத் திருப்பத்திலேயே வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குவது மூன்றாவது. பெருகிய விசையை இரு சக்கரங்களுக்கும் பங்கிடுவது நான்காவது. ஆக்ஸில் முறிந்து வண்டி பட்டறைக்கு வரும்போது, இந்த நான்கில் எந்த வேலையில் அது தோற்றது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பாராமல் "பெரிய ஆக்ஸிலாகப் போடு" என்று முடிவெடுத்தால் காசு கரையும், முறிவு இன்னொரு இடத்துக்கு நகரும்.

சங்கரன்கோவில் வட்டாரம் இந்தத் தேர்வை நேருக்கு நேர் சந்திக்கும் நிலம். ஊருக்குக் கிழக்கே திருவேங்கடம், குருவிகுளம் பக்கம் கரிசல் விரிகிறது. மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் தொடங்கிவிடுகிறது. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோப்புகளிலிருந்து மூட்டை ஏற்றும் வண்டிக்குக் கல்லும் ஓடையும் ஏற்றமும்தான் பாதை. செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நம்பிச் சுரண்டை, தேவர்குளம் பகுதிகளில் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கப் போகும் வண்டிக்கோ, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மண்சாலை களிச்சேறாகிவிடும். ஒரே ஊர்ப் பட்டறைக்கு வரும் இந்த இரண்டு வண்டிகளுக்கும் ஒரே ஆக்ஸிலும் ஒரே வேகக் குறைப்பு ரேஷியோவும் பொருந்துவது அரிது. இன்னும் வடக்கே, போடி, தேவாரம், கம்பம் ஊர்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகளும் மூன்றாவது வகை. அவற்றுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய சோதனை.

ஆக்ஸிலை முறிப்பது இன்ஜினின் பலம் என்பது பரவலான எண்ணம். அது பாதி உண்மைதான். ஆக்ஸில் ஷாஃப்டின் மீது விழும் முறுக்குக்கு மேல்வரம்பு போடுவது டயரின் பிடிப்பு. பிடிப்பு தாளாதபோது சக்கரம் வழுக்கிவிடும். வழுக்கியதும் முறுக்கு குறைந்துவிடும். கணக்காகவே பார்க்கலாம். பின் ஆக்ஸில் மீது 1,200 கிலோ எடை, டயரின் ஆரம் 0.355 மீட்டர், காய்ந்த பாறையில் உராய்வுக் குணகம் 0.8 என்று கொண்டால், இரு சக்கரங்களும் சேர்ந்து ஏற்கக்கூடிய முறுக்கு சுமார் 3,340 நியூட்டன் மீட்டர். ஒரு ஷாஃப்டுக்கு 1,670. அதே வண்டி மழைக்காலக் கரிசலில் நின்றால் குணகம் 0.3 அளவுக்கு இறங்கிவிடும். ஒரு ஷாஃப்டின் பங்கு 630-ஐத் தாண்டாது. சேற்றில் மட்டுமே உழலும் வண்டியின் ஷாஃப்ட் சேற்றால் முறிவதில்லை என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

அப்படியிருந்தும் கரிசல் தடங்களில் ஷாஃப்டுகள் முறிகின்றன. காரணம் அதிர்ச்சி. சேற்றில் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் அடியில் புதைந்த கல்லையோ வரப்பின் கெட்டி மண்ணையோ சட்டென்று பற்றும்போது, சுழன்ற சக்கரம், ஷாஃப்ட், கிரவுன் பல்சக்கரம், இன்ஜின் வரைக்குமான பாகங்கள் அத்தனையின் வேகமும் ஒரு கணத்தில் நிறுத்தப்படுகிறது. அந்த நொடியில் ஷாஃப்ட் மீது ஏறும் முறுக்கு, நிதானமான ஓட்டத்தின் அளவைப் பலமடங்கு தாண்டும். மலைத்தடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்று பாறை மேல் விழுவதும் இதே கதைதான். ஆக்ஸிலேட்டரை நிதானமாக மிதிக்கும் ஓட்டுநரின் கால் நல்ல ஷாஃப்டுக்குச் சமம் என்று அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் சொல்வதன் அடிப்படை இதுவே.

முறிந்த பாகம் தன் வரலாற்றைத் தானே சொல்லும். ஷாஃப்ட் நுனியின் ஸ்ப்ளைன் பற்கள் கயிறுபோல முறுக்கேறியிருந்தால் ஷாஃப்ட் தன் பலத்துக்கு மேல் முறுக்கப்பட்டிருக்கிறது. முறிவு முகத்தில் கடற்கரை அலைத்தடம் போன்ற வளைகோடுகள் தெரிந்தால் அது ஒரே நாளில் நேர்ந்ததல்ல. எங்கோ தொடங்கிய நுண்விரிசல் பல மாதங்கள் வளர்ந்து கடைசியில் அறுந்திருக்கிறது. அத்தகைய ஷாஃப்டில் கீறலோ துருக்குழியோ சாவித்தடத்தின் கூர்மூலையோ தொடக்கப் புள்ளியாக இருக்கும். ஷாஃப்ட் நன்றாக இருந்து, விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியலின் ஸ்டார் பினியன்களும் அவற்றைத் தாங்கும் ஊசியும் தேய்ந்து கருகியிருந்தால், ஒரு சக்கரம் மட்டும் நெடுநேரம் சுழலவிடப்பட்டிருக்கிறது. ஒரு பக்க ஆயில் சீல் திரும்பத் திரும்ப ஒழுகி, டயரும் ஒரு விளிம்பில் தேய்ந்தால் ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங் வளைந்திருக்கிறது. அப்போது எத்தனை உயர்ந்த ஷாஃப்டை வாங்கிப் போட்டாலும் பயனில்லை.

ஷாஃப்டின் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 30 மில்லிமீட்டர் ஷாஃப்டை 35 ஆக்கினால் விட்டம் ஆறில் ஒரு பங்குதான் கூடும். முறுக்கு தாங்கும் திறனோ ஏறத்தாழ 59 சதவீதம் கூடிவிடும். ஆகவே ஸ்ப்ளைன் எண்ணிக்கையை ஒப்பிடும்போது உண்மையில் ஒப்பிடப்படுவது ஷாஃப்டின் பருமன்தான். உலோகம் அடுத்தது. லேத் பட்டறைகளில் இஎன் 8, இஎன் 19, இஎன் 24 என்ற பெயர்களில் கிடைக்கும் எஃகுகளில் இஎன் 8 சாதாரணக் கார்பன் எஃகு. இஎன் 24 நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்தது, அமெரிக்கக் கணக்கில் 4340-க்கு நெருக்கமானது. ஆனால் இஎன் 24 கம்பியை வாங்கிக் கடைந்து ஸ்ப்ளைன் வெட்டிவிட்டால் மட்டும் நல்ல ஷாஃப்ட் கிடைத்துவிடாது. முறையாகச் சூடேற்றி, எண்ணெயில் அமிழ்த்தி, மீண்டும் பதப்படுத்திய பிறகுதான் அந்த எஃகின் பலம் வெளிப்படும். வெப்பப் பதம் தவறிய உயர்ரக எஃகைவிட, தொழிற்சாலையில் மேற்பரப்பு இண்டக்ஷன் முறையில் கடினப்படுத்தப்பட்ட சாதாரண எஃகு ஷாஃப்ட் எவ்வளவோ நம்பகமானது. சின்னப் பட்டறைகளின் கைத்திறனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. வெப்பப் பதத்துக்கு உரிய உலையும் சோதனைக் கருவியும் இல்லாத இடத்தில் செய்யக்கூடாத வேலை இது.

சக்கரம் ஆக்ஸிலோடு சேரும் இடமும் ஷாஃப்டுக்குச் சமமாகக் கவனிக்க வேண்டியது. ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸிலில் சக்கரத்தின் எடையை ஹவுசிங்கின் நுனி இரண்டு பேரிங்குகள் வழியாகத் தாங்கிக்கொள்கிறது. ஷாஃப்டின் வேலை சுழற்றுவது மட்டும். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே இருக்கும். முறிந்ததை உருவிவிட்டு, நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியை முன் ஆக்ஸில் பலத்திலேயே ஊர் சேர்த்துவிடலாம். செமி ஃப்ளோட்டிங்கில் எடையும் முறுக்கும் ஒரே ஷாஃப்ட் மீது விழுகின்றன. இதில் முறிவு என்றால் சக்கரமே கழன்று போக வாய்ப்புண்டு. லாரிகள் ஃபுல் ஃப்ளோட்டிங்கை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். மூட்டைச் சுமையோடு மலையடிவாரம் போகிற பிக்கப்புக்கு, இன்னும் பருமனான ஷாஃப்டைவிட இந்த அமைப்பே முதல் தேவை என்று அழுத்தமாகச் சொல்லலாம்.

தமிழ்நாட்டு மலைத்தடங்களில் இன்றும் ஓடும் பழைய ஜீப்புகளின் பின் ஆக்ஸில் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் பின் ஆக்ஸில் ஃபுல் ஃப்ளோட்டிங், ரேஷியோ 4.88. போருக்குப் பின் வந்த சிவில் ஜீப்புகள் விரைவிலேயே செமி ஃப்ளோட்டிங்குக்கு மாறின, ரேஷியோ 5.38 ஆயிற்று. மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியிலிருந்து மும்பையில் பூட்டத் தொடங்கி, பின்னர் இங்கேயே தயாரித்த ஜீப்புகள் அந்த மரபில் வந்தவை. அவற்றின் பின்புறம் இருக்கும் டேனா 44 குடும்ப ஆக்ஸிலின் கிரவுன் விட்டம் சுமார் எட்டரை அங்குலம். முதலில் 10 ஸ்ப்ளைன், பிறகு 19, அதன்பின் 30 என்று ஷாஃப்டுகள் மாறி வந்தன. பழைய ஷாஃப்டின் நுனி கூம்பு வடிவம். ஹப்பு அந்தக் கூம்பில் ஏறி, ஒரு சாவியும் ஒரு பெரிய நட்டும் அதைப் பிடித்துவைத்திருக்கும். நட்டு சற்றே தளர்ந்தாலும் சாவி வெட்டுப்படும், கூம்பு தேயும், அடுத்து ஷாஃப்ட் சாவித்தடத்திலேயே முறியும். பழைய ஜீப்பில் "ஆக்ஸில் வீக்" என்று குற்றம் சாட்டப்படும் முறிவுகளில் பல, குறித்த அளவு இறுக்கப்படாத அந்த ஒற்றை நட்டில் தொடங்கியவை. இந்தக் கூம்பு ஷாஃப்டுகளுக்குப் பதிலாக நுனியிலேயே தட்டு சேர்ந்த ஒற்றைத்துண்டு 30 ஸ்ப்ளைன் ஷாஃப்டுகளை மாட்டினால், கிரவுன் பெட்டியை மாற்றாமலேயே பெரும்பகுதிக் குறை தீர்ந்துவிடும். அதற்கேற்ற டிஃபரன்ஷியல் சன் கியர்களும் கூடவே மாற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இதையும் தாண்டிப் பெரிய ஆக்ஸிலுக்குப் போவதற்கு ஒரு விலை உண்டு. டேனா 60 வகையின் கிரவுன் விட்டம் ஒன்பதே முக்கால் அங்குலம். அதன் உருண்டை வயிறு தரையை நோக்கி மேலும் கீழே தொங்கும். சக்கரத்தடம் ஆழப்பட்ட கரிசல் பாதையில் நடுமேடு அந்த வயிற்றில் முட்டும். வண்டி தன் ஆக்ஸிலாலேயே நிலத்தை உழத் தொடங்கிவிடும். டயரைப் பெரிதாக்கினால் ஒழிய இது தீராது. டயர் பெரிதானால் ஷாஃப்டின் சுமையும் கூடும், ரேஷியோவும் கெடும். ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கீழே தொங்கும் எடை கூடுவதால் குண்டும் குழியுமான பாதையில் குலுக்கலும் அதிகம். 28 அங்குல டயரோடு ஓடும் வண்டிக்கு இந்தப் பெருத்த ஆக்ஸில் வேண்டியதில்லை.

கிரவுன்–பினியன் ரேஷியோ என்பது பற்களின் எண்ணிக்கையை வகுத்த ஈவு. 43 பல் கிரவுனும் 8 பல் பினியனும் சேர்ந்தால் 5.38, 39-உம் 8-உம் என்றால் 4.88; 45-உம் 11-உம் என்றால் 4.09. எண் பெரிதாக ஆக இழுவை கூடும், ஓட்டம் குறையும். சுமார் 28 அங்குல டயரும் நேரடி டாப் கியரும் உள்ள ஜீப் மணிக்கு 60 கிலோமீட்டரில் போக, 5.38-இல் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று சுற்ற வேண்டும், 4.88-இல் 2,180; 4.09-இல் 1,830. 80 கிலோமீட்டரில் 5.38 வண்டியின் இன்ஜின் 3,200-ஐத் தொட்டுவிடும். பழைய டீசல் இன்ஜினுக்கு அது கூச்சலும் குடைச்சலும் நிறைந்த வேகம். ராஜபாளையம்–திருநெல்வேலிச் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு 5.38 வேதனை, மலையைவிட்டு இறங்காத வண்டிக்கு அது வரம்.

இழுவைக்கான கணக்கில் ஆக்ஸில் ஒரு பெருக்கல் மட்டுமே. பழைய மூன்று கியர் ஜீப்பின் முதல் கியர் 2.798, டிரான்ஸ்பர் கேஸின் லோ 2.46, ஆக்ஸில் 5.38, மூன்றையும் பெருக்கினால் 37. ஆக்ஸில் 4.88 ஆனால் 33.6, 4.09 ஆனால் 28. மொத்தம் 2,000 கிலோ எடையோடு நான்கில் ஒன்று என்ற சரிவில் கரடுமுரடான தடத்தில் ஏற, சக்கரங்களில் ஏறத்தாழ 2,200 நியூட்டன் மீட்டர் தேவை. இன்ஜின் 120 தருகிறது, வழியில் 15 சதவீதம் வீணாகிறது என்று வைத்தால், 5.38 இருந்தும் லோ போடாத முதல் கியரில் கிடைப்பது சுமார் 1,535 மட்டுமே; வண்டி திணறி நின்றுவிடும். லோ போட்டால் 3,770 கிடைக்கும். லோ கியரோடு 4.09 இருந்தாலும் சுமார் 2,870 வந்துவிடுகிறது. ஏறுவதற்கு மட்டும் என்றால் ஆக்ஸில் ரேஷியோவைத் தொடாமலேயே பல வண்டிகள் சமாளித்துவிடும் என்பது இந்தக் கணக்கின் முடிவு.

இறக்கத்தில் நிலைமை வேறு. 37 மடங்கு குறைப்பில் இன்ஜின் ஐட்லில் 800 சுற்று சுற்றினால் வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாக, ஆள் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக இறங்கும். பிரேக்கைத் தொட வேண்டியதே இல்லை. கொழுக்குமலைத் தடம் போன்ற நீண்ட கல்லிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும். பத்துப் பேரை ஏற்றி இறங்கும் தோட்ட ஜீப்புக்கு ஆழ்ந்த ரேஷியோ என்பது பயணிகளின் உயிர்க்காப்பு.

கரிசல் சேற்றுக்கு இதே ஆழம் எதிரியாகிவிடும். கரிசல் களிமண் ஈரத்தில் ஊதி டயர்ப் பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட டயர் வழவழப்பான உருளையாகிவிடும். ஒட்டிய மண்ணை உதற சக்கரத்துக்குக் கொஞ்சம் வேகம் வேண்டும். ஆமைபோல் ஊரும் முதல் லோவில் சேறு உதிராது. ஆகவே லோவில் இரண்டாவது கியரில் ஒரே சீராக மிதித்துப் போவது வழக்கம். மிக ஆழ்ந்த ரேஷியோ உள்ள வண்டிக்கு அந்த இரண்டாவது கியரும் சேறு உதிராத அளவுக்கு மெதுவாகிவிடும். காற்றாலைத் தடங்களில் ஓடும் வண்டிக்கு 4.88-ஐ ஒட்டிய ரேஷியோ நடுவழியாகப் பொருந்தும்.

டயர் மாற்றமும் ரேஷியோ மாற்றமே. 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 அங்குலம் போட்டால் 5.38 ஆக்ஸில் நடைமுறையில் 4.86 ஆகிவிடுகிறது, யாரும் கிரவுனைத் தொடாமலேயே 4.88 கிரவுன் மாட்டியதற்குச் சமம். கூடவே ஷாஃப்ட் மீதான பிடிப்புச் சுமை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறும். இழந்த இழுவையை ஈடுகட்ட 5.9-ஐ ஒட்டிய ரேஷியோ தேடவேண்டியிருக்கும். அங்கேதான் இன்னொரு சிக்கல்: அதே விட்டமுள்ள கிரவுனில் ரேஷியோ ஆழமாக ஆக பினியன் சிறுக்கிறது, ஒரே நேரத்தில் பற்றி நிற்கும் பற்களும் குறைகின்றன. 11 பல் பினியன் தாங்கும் அடியை 8 பல் பினியன் தாங்காது. மறுபக்கம், ஆழ்ந்த ரேஷியோ முன்னே இருக்கும் பாகங்களைக் காக்கிறது. சக்கரங்களில் 3,340 வேண்டும் என்றால் 4.09 ஆக்ஸிலுக்குப் புரொப்பல்லர் ஷாஃப்ட் 817 கொண்டுவர வேண்டும், 5.38-க்கு 621 போதும். புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் கூட்டு முறிந்துகொண்டே இருக்கும் வண்டிக்கு ஆழ்ந்த ரேஷியோ மருந்து. பலவீனத்தை இரு பக்கமும் தவிர்க்கும் வழி, கடைசிக் குறைப்பைச் சக்கர ஹப்பிலேயே வைப்பது. யூனிமாக் லாரியின் போர்ட்டல் ஆக்ஸிலும், கல்குவாரி டிப்பர்கள் பலவற்றின் ஹப் ரிடக்ஷன் ஆக்ஸிலும் அந்த வகை. ஜீப் அளவு வண்டிக்கு அவை விலையிலும் எடையிலும் எட்டாதவை.

டிஃபரன்ஷியல் பூட்டைச் சேர்த்தால் ஷாஃப்ட் கணக்கு மாறும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால் மற்றதற்கும் விசை போகாது. ஒருவகையில் அதுவே ஷாஃப்டுக்குப் பாதுகாப்பு. பூட்டினால் பிடிப்புள்ள ஒற்றைச் சக்கரத்தின் ஷாஃப்ட் முழுச் சுமையையும் ஏற்கும். முன்பு பார்த்த கணக்கில் அச்சக்கரத்தின் மீது 900 கிலோ சாய்ந்தால் 1,670 என்பது 2,500 ஆகிவிடும். மகிந்திரா தார் வண்டியில் 2015 முதல் வந்த மெக்கானிக்கல் லாக்கிங் வகை, இரு சக்கரங்களின் வேக வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டியதும் தானாகப் பூட்டிக்கொள்கிறது. ஃபோர்ஸ் கூர்க்காவில் ஓட்டுநரே முன்னும் பின்னும் பூட்டலாம். தானாகப் பூட்டுவது சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகே வேலை செய்வதால் அதிர்ச்சி சற்று உண்டு. முன்கூட்டியே கையால் பூட்டிவிட்டு ஏறுவது ஷாஃப்டுக்கு மென்மையானது. சங்கரன்கோவில் வட்டாரத் தேவைகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஆழமான ரேஷியோவுக்கு முன் பூட்டுக்குச் செலவிடுவதே பயன் தரும்.

நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியில் பின் கிரவுனை மாற்றினால் முன் கிரவுனையும் அதே ரேஷியோவுக்கு மாற்றியே ஆக வேண்டும். 4.09-க்கு 4.10 இணைந்து ஓடும், 5.38-க்கு 4.88 ஓடாது. நான்கு சக்கரமும் இணைந்ததும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, டிரான்ஸ்பர் கேஸை உடைத்துவிடும். விற்பனைக்கு வரும் பழைய ஆக்ஸிலின் தகடு எண்ணை மட்டும் நம்பாமல், பற்களை எண்ணிப் பார்த்து வாங்குவது நல்லது. மேலும் டேனா 44-இல் 3.73 வரைக்கும் கிரவுனைத் தாங்கும் ஒரு கேரியர், 3.92-இலிருந்து வேறொரு கேரியர். இந்த எல்லையைத் தாண்டும் மாற்றத்துக்குக் கிரவுன் ஜோடி மட்டும் போதாது.

வேறு வண்டியின் முழு ஆக்ஸிலை மாட்டும்போது சக்கரங்களுக்கிடையிலான அகலம், பட்டைப் பீடங்களின் இடைவெளி, பினியன் மூக்கின் கோணம், புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம், பிரேக் டிரம்மின் அளவு, கைப்பிரேக் கேபிள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பீடத்தை வெல்டு செய்யும்போது ஒரே பக்கம் சூடேற்றினால் ஹவுசிங் குழாய் வளைந்துவிடும். சிறு சிறு தையலாக, மாறி மாறி, ஆறவிட்டு வைக்க வேண்டும். சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பெரிய ஆக்ஸில் மாட்டியதால் சான்றில் உள்ள மொத்த எடை வரம்பு உயர்ந்துவிடாது. மாற்றம் எதுவாயினும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது காப்பீட்டுக்கும் பாதுகாப்பு.

கடைசியாக, பூட்டும் கை. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பினியனின் ஆழத்தை ஷிம் தகடுகளால் சரிசெய்து, பேரிங்கின் முன் இறுக்கத்தை வைத்து, கிரவுன் ஆட்டத்தை டயல் கேஜால் அளக்க வேண்டும். அது பொதுவாக 0.1 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சரியான அளவு அந்தந்த ஆக்ஸிலின் கையேட்டில் உண்டு. பற்களில் சாயம் பூசிச் சுற்றிப் பார்த்தால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். முனையிலோ வேரிலோ விழுந்தால், காதுக்கு ஊளைச் சத்தம் கேட்கும் முன்பே பல் உடையும் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். கிரவுன்–பினியனின் ஹைபாய்ட் பற்கள் உருளுவதோடு சறுக்கவும் செய்வதால் அவற்றுக்கு ஜிஎல்-5 தரத்து 80டபிள்யூ-90 ஆயில்தான் ஊற்ற வேண்டும். புது ஜோடி போட்ட வண்டியை முதல் சில நூறு கிலோமீட்டர் சுமையின்றி, நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டி, ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். அடியில் மாவுபோன்ற தூள் இருந்தால் இயல்பு, செதில்கள் மின்னினால் பெட்டியை மறுபடி திறக்க வேண்டும். ஓடையிலோ மழைத் தண்ணீரிலோ ஹப்பு மூழ்கிய பிறகு ஆயில் பால் நிறமாகியிருந்தால் அதே நாளில் மாற்றிவிட வேண்டும். ஹவுசிங்கின் மூச்சுக்குழாயை ரப்பர் டியூப் வைத்துப் பாடி வரை உயர்த்திக் கட்டிவிட்டால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் உள்ளே வராது.